கழுத்துத் தண்டுவட அழுத்தமும் ஆபரேஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்தில் தண்டுவடம் நசுங்கி ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், செய்யலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்கும் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைக் காலை அசைக்க வைக்கும்போது நோயாளியும் கூட இருப்பவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்க நேரம் கிடைக்காது, கிடைத்தாலும் பயத்தில் வாய் வராது. அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்களுக்கு எது சரி என்பதை உங்களையும் உங்கள் எம்ஆர்ஐயையும் நேரில் பார்த்த சர்ஜன்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

தண்டுவடத்துல அழுத்தம்னு சொல்றாங்க. டிஸ்க் விலகுறதும் இதுவும் ஒண்ணுதானா?

ஒன்றில்லை. தண்டுவடம் மூளையிலிருந்து இறங்கி, முதுகெலும்புக்குள் இருக்கும் இடைவெளி வழியாக வந்து, இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு எலும்புகள் இருக்கும் இடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே போவது தனித்தனி நரம்புகளின் கொத்து. அதனால் இடுப்பில் டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது, விலகினால் பெரும்பாலும் ஏதாவது ஒரு நரம்பு மாட்டிக்கொண்டு ஒரு காலில் சுண்டி இழுக்கும். கழுத்தில் டிஸ்க் பின்னால் தள்ளினால் தண்டுவடமே நசுங்கலாம். அப்போது இரண்டு கை, இரண்டு கால், சிறுநீர் என்று அதற்குக் கீழே உள்ள எல்லாமே பாதிக்கப்படலாம்.

கழுத்தில் அந்த இடைவெளி முன்பின்னாகச் சராசரியாக 17 மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் தண்டுவடம் சுமார் 10 மில்லிமீட்டர். பிறவியிலேயே 13 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பவர்கள் உண்டு. வயதாக ஆக டிஸ்க் பிதுங்கும், எலும்பு ஓரங்களில் முள் வளரும், பின்னால் இருக்கும் தசைநார் தடிக்கும். சிலருக்குத் தண்டுவடத்துக்கு முன்னால் இருக்கும் தசைநாரே எலும்பாக மாறிவிடும். எல்லாம் சேர்ந்து இடம் குறைந்து தண்டுவடம் நசுங்குவதைத்தான் ரிப்போர்ட்டில் கார்டு கம்ப்ரெஷன் என்றும், அதனால் தண்டுவடம் பாதிக்கப்படுவதை மைலோபதி என்றும் எழுதுகிறார்கள்.

கழுத்து வலியே இல்லையே, அப்புறம் எதுக்குக் கழுத்துல ஆபரேஷன்?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான், ஆளைத் தாமதப்படுத்துவதும் இதுதான். தண்டுவடம் நசுங்கும்போது வலி இருந்தே தீர வேண்டும் என்று இல்லை. பலருக்குக் கழுத்து துளிகூட வலிக்காது, கைதான் சொன்னபடி கேட்காது. சட்டைப் பொத்தான் போட நேரமாகும். கையெழுத்து மாறிப்போய் பேங்கில் செக் திரும்பி வரும். புடவைக்குக் கொசுவம் வைக்க வராது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் விரலிடுக்கில் பாதி தட்டிலேயே விழும். இதை முதலில் கவனிப்பது நோயாளி இல்லை, எதிரே உட்கார்ந்து சாப்பிடும் மனைவியோ மகளோதான்.

காலில் வேறு மாதிரி தெரியும். தரையில் நடக்கும்போது பஞ்சின்மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள். செருப்பு காலைவிட்டுக் கழன்று விழுந்தது தெரியாமல் பத்தடி தள்ளிப் போய்விட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். வலியை மட்டும் அளவுகோலாக வைத்தால் இது எதுவுமே கணக்கில் வராது.

எந்த அறிகுறி வந்தா காத்திருக்கவே கூடாது?

சில நாட்களிலோ வாரங்களிலோ நடை மளமளவென்று மோசமாவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது அல்லது வயிறு முட்டியும் வராமல் நிற்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, விழுந்து எழுந்த பிறகு கை கால் பலம் குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் என்று இருக்கக் கூடாது, அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள். கீழே விழுந்தவரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏற்ற வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டுக் கழுத்து அசையாமல் கொண்டுபோங்கள். விபத்தில் தண்டுவடம் நசுங்கியவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்துவிடுவது நல்லது என்பதுதான் இப்போது பெரும்பாலான சர்ஜன்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் கணக்கு.

வீட்லயே சோதிச்சுப் பார்க்க வழி இருக்கா?

ஓரளவுக்கு இருக்கிறது. கையை நீட்டி, விரல்களை முழுசாக மடக்கி முழுசாக விரிக்க வேண்டும், முடிந்த அளவு வேகமாக. 10 விநாடியில் 20 தடவையாவது வர வேண்டும். தண்டுவடம் நசுங்கியவர்களுக்கு எண்ணிக்கை குறையும், அதோடு மடக்கும்போது மணிக்கட்டு தன்னால் வளையும், சுண்டு விரல் பக்கம் விரிய மறுக்கும். இரண்டாவது, குதிகாலைக் கட்டை விரலில் ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடந்து பார்ப்பது. பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ளட்டும். குனிந்து மோவாயை நெஞ்சில் வைக்கும்போது முதுகில் கரண்ட் ஓடுகிற மாதிரி இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதில் தேறிவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. தேறாவிட்டால் எம்ஆர்ஐ வரை போக வேண்டும், அவ்வளவுதான்.

எங்கப்பாவுக்கு சர்க்கரை இருக்கு. மதமதப்பு அதனாலதான்னு ரெண்டு வருஷமா மாத்திரை குடுத்தாங்க. எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?

சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு பொதுவாகப் பாதத்தில் ஆரம்பித்து மெதுவாக மேலே ஏறும், தட்டிப் பார்த்தால் முழங்காலும் குதிகாலும் துள்ளாது. தண்டுவட அழுத்தத்தில் அதற்கு நேர்மாறாகக் கால் விறைக்கும், சுத்தியலால் தட்டினால் அளவுக்கு மீறித் துள்ளும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தால் குழப்பம்தான், ஏனென்றால் சர்க்கரை அந்தத் துள்ளலை மறைத்துவிடும். அதனால் சர்க்கரை இருப்பவருக்குக் கை வேலை தடுமாறினால் கழுத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மணிக்கட்டில் நரம்பு மாட்டிக்கொள்வதும் இதேபோல் விரலை மரத்துப்போகச் செய்யும். பி12 குறைவும் நடையைத் தடுமாறச் செய்யும். சுத்த சைவக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷமாகச் சாப்பிடுபவர்களுக்கும் பி12 ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுவது நல்லது, அது ஊசியில் சரிசெய்யக்கூடியது.

டிராக்ஷன், வர்மம், எண்ணெய் போட்டு நீவுறது, இதெல்லாம் பார்த்துட்டு அப்புறம் ஆபரேஷனுக்குப் போகலாமா?

சாதாரணக் கழுத்து வலிக்கும் பிடிப்புக்கும் நாங்களே பல வைத்தியம் செய்கிறோம். தண்டுவடம் நசுங்கியிருப்பது எம்ஆர்ஐயில் தெரிந்த பிறகு கழுத்தை இழுப்பது, முறுக்குவது, ஓங்கி அழுத்துவது எதுவுமே கூடாது. சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பார்களே, அதை அந்த நிமிஷமே நிறுத்துங்கள். இடம் குறுகிய கழுத்து திடீரென்று பின்னால் வளைந்தால் தண்டுவடம் நெரிபட்டு, இரண்டு கையும் ஒரேயடியாகச் செயலிழந்தவர்களை வார்டில் பார்க்கிறோம்.

மாத்திரை வலியைக் குறைக்கும், மரமரப்பைக் கொஞ்சம் தணிக்கும். நசுங்கிய இடத்தை அது விரிக்காது. அறிகுறி வந்தவர்களை ஆபரேஷன் செய்யாமல் 3 முதல் 6 வருஷம் கவனித்துப் பார்த்த ஆய்வுகளில் 20 முதல் 60 சதவீதம் பேருக்கு நிலைமை மோசமாகியிருக்கிறது. எல்லோருக்கும் மோசமாகாது, உண்மை. ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எம்ஆர்ஐல அழுத்தம்னு போட்டிருக்கு, ஆனா எனக்கு ஒண்ணுமே இல்லையே. ஆபரேஷன் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. வேறு எதற்கோ எடுத்த படத்தில் இது தெரிவது சகஜம். ஆபரேஷன் செய்வது ஆளுக்கு, படத்துக்கு இல்லை. அறிகுறி எவ்வளவு என்பதை 18 மதிப்பெண்ணுக்குக் கணக்குப் போடும் ஒரு முறை இருக்கிறது. கை, கால், உணர்ச்சி, சிறுநீர் என நான்குக்கும் சேர்த்துப் போடுவார்கள். 18 என்றால் குறையில்லை. 15 முதல் 17 வரை லேசானது, ஆபரேஷனும் செய்யலாம், கண்காணிப்போடு பிசியோவும் பார்க்கலாம். 12 முதல் 14 வரை நடுத்தரம், 11-ம் அதற்குக் கீழும் கடுமை. இந்த இரண்டுக்கும் ஆபரேஷன்தான் என்று 2017-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் மதிப்பெண் என்ன என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று முடிவெடுத்தால், மேலே சொன்ன 10 விநாடிச் சோதனையை மாதம் ஒருமுறை செய்து தேதியோடு எழுதிவையுங்கள். குறைய ஆரம்பித்தால் உடனே காட்டுங்கள்.

ஆபரேஷன்ல அப்படி என்னதான் பண்றாங்க?

தண்டுவடத்தைத் தொடுவதில்லை, அதைச் சுற்றி நெரிப்பதை எடுக்கிறார்கள். முன்பக்கம் வழியாக என்றால் தொண்டையின் பக்கவாட்டில் சிறியதாகக் கீறி, உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒதுக்கி, கெட்டுப்போன டிஸ்கையும் எலும்பு முள்ளையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்புத் துண்டோ கேஜ் என்ற சிறிய கூடோ வைத்துப் பிளேட் போடுவார்கள். 1950-களிலிருந்து நடக்கும் முறை. பின்பக்கம் வழியாக என்றால் தண்டுவடத்தின்மேல் கூரையாக இருக்கும் எலும்பை எடுப்பது லாமினெக்டமி, பெரும்பாலும் ஸ்க்ரூவும் ராடும் சேர்த்துப் போடுவார்கள். அந்த எலும்பை முழுசாக எடுக்காமல் ஒரு பக்கம் அறுத்து, மறுபக்கத்தைக் கீல் மாதிரி விட்டு, கதவு திறப்பதுபோல் திறந்து நிறுத்துவது லாமினோபிளாஸ்டி. ஜப்பானில் 1970-களில் உருவானது, தசைநார் எலும்பாக மாறும் நோய் அங்கே அதிகம் என்பதால்.

ஒரு டாக்டர் முன்பக்கம்ங்கிறார், இன்னொருத்தர் பின்பக்கம்ங்கிறார். யாரை நம்புறது?

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். ஒன்றிரண்டு இடத்தில் முன்னாலிருந்து டிஸ்க் அழுத்தினால் முன்பக்கம் வசதி. மூன்று நான்கு இடத்தில் குறுகியிருந்தால் பின்பக்கம் போய் மொத்தமாகத் திறப்பது வழக்கம். ஆனால் கழுத்தின் வளைவு முன்பக்கமாகக் கூன் விழுந்திருந்தால், பின்னால் திறந்தாலும் தண்டுவடம் பின்னோக்கி நகராமல் முன்னால் இருக்கும் முள்ளின்மேலேயே சாய்ந்து கிடக்கும். அதனால் “என் கழுத்து வளைவு எப்படி இருக்கிறது, எத்தனை இடத்தில் அழுத்தம், அது எந்தப் பக்கத்திலிருந்து?” என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் முடிவும் தெளிவாகிவிடும்.

நியூரோ சர்ஜனா, ஸ்பைன் பார்க்கும் ஆர்த்தோவா என்று அடுத்து கேட்பார்கள். இரண்டு பேரும் செய்கிறார்கள். கழுத்துத் தண்டுவட ஆபரேஷனை அவர் வாடிக்கையாகச் செய்பவரா என்பதைப் பாருங்கள்.

கழுத்துல கை வெச்சா கை கால் விழுந்துடும்னு சொந்தக்காரங்க எல்லாரும் பயமுறுத்துறாங்க. நிஜமா?

நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். தண்டுவடத்துக்கு நிரந்தரச் சேதம் வருவது அரிது, ஆனால் உண்டு. கையெழுத்து வாங்கும்போது டாக்டரும் அதைச் சொல்வார். ஆபரேஷன் நடக்கும்போதே கை கால் சிக்னலைத் தொடர்ந்து கவனிக்கும் கருவி இப்போது பல இடங்களில் இருக்கிறது, இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்பக்க ஆபரேஷனில் சில நாள் விழுங்கச் சிரமமும் குரல் கம்மலும் அடிக்கடி வரும், பெரும்பாலும் தானே சரியாகும். பின்பக்கத்தில் கழுத்துத் தசை வலியும் புண்ணில் சீழ் பிடிப்பதும்தான் தொல்லை, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குக் கூடுதலாக.

சொந்தக்காரர்கள் சொல்லும் கதைகளில் பலதில், அந்த ஆள் ஆபரேஷனுக்குப் போகும்போதே ஸ்ட்ரெச்சரில்தான் போயிருப்பார். முழுசாக முடங்கிய பிறகு செய்ததால் எழுந்திருக்கவில்லை, பழி ஆபரேஷன் தலையில் விழுந்துவிட்டது. இந்தக் கதைகளைக் கேட்டு இன்னொருவர் தள்ளிப்போட்டு அவரும் முடங்குகிறார் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

ஆபரேஷன் முடிஞ்சு நல்லா இருந்தார். மூணாம் நாள் தோளைத் தூக்க முடியலை. தப்பா பண்ணிட்டாங்களா?

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்ட வேண்டாம். கழுத்திலிருந்து தோளுக்குப் போகும் சி5 என்ற நரம்பு சோர்ந்துபோவதால் வருவது இது, நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்கு வருகிறது. விரல் நன்றாக அசையும், சாப்பாட்டுத் தட்டு வரை கை போகும், தலை சீவத் தூக்கினால் மட்டும் ஏறாது. ஆபரேஷன் நன்றாக நடந்திருந்தாலும் இது வரலாம். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் திரும்பிவிடுகிறது. அதுவரை தோள் மூட்டு இறுகிப்போகாமல் தினமும் அசைத்துக்கொடுக்க வேண்டும்.

ஆனால் தோள் மட்டும் இல்லாமல் காலும் சேர்ந்து பலம் குறைந்தால் அது வேறு விஷயம். உள்ளே ரத்தம் கட்டி அழுத்தலாம். இரவு இரண்டு மணியானாலும் நர்ஸை எழுப்பி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் பண்ணா பழையபடி முழுசா ஆகிடுமா?

ஆபரேஷனின் முதல் நோக்கம் இருப்பதைக் காப்பாற்றுவது. அதற்குமேல் திரும்பி வருவது எல்லாம் லாபம், நிறைய பேருக்கு நன்றாகவே வருகிறது. எவ்வளவு நாளாக நசுங்கிக் கிடந்தது, ஆபரேஷனுக்குமுன் நடை எப்படி இருந்தது, வயது என்ன, இந்த மூன்றும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. எம்ஆர்ஐயில் தண்டுவடத்துக்குள்ளேயே நிறம் மாறியிருந்தால் கொஞ்சம் கவலைதான், ஆனாலும் கதவு மூடிவிட்டது என்று இல்லை.

முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில் தெரியும், அப்புறமும் ஒரு வருஷம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் மெதுவாகப் போகும். பலருக்கு இறுக்கமும் நடையும் முதலில் தேறும், விரல் நுணுக்கம் பின்தங்கும், மரமரப்பு கடைசி வரை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போய் ஒரு மாதத்தில் “இன்னும் மதமதப்பு போகலையே, பணம் தண்டம்” என்று சொல்பவர்களை நான் நடக்க வைத்துக் காட்டுவேன். வரும்போது சுவரைப் பிடித்து நடந்தவர் இப்போது பிடிக்காமல் நடக்கிறார், அதை அவரே கவனித்திருக்க மாட்டார்.

72 வயசாச்சு, பிபி, சர்க்கரை, ஸ்டென்ட் வேற. இந்த வயசுல தேவையா?

வயதை மட்டும் காட்டி யாரும் மறுக்க மாட்டார்கள். இதயம், நுரையீரல், சர்க்கரை எப்படி என்று மயக்க மருந்து டாக்டர் பார்த்துச் சொல்வார். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவெடுக்க வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புகைப்பவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும், எலும்பு ஒட்டுவதைப் புகை கெடுக்கும். இந்த வயதில் விழுந்து இடுப்பு முறிவதும் சின்ன ஆபத்து இல்லை என்பதையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

செலவுக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. விஏஓவிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதியலாம். எந்த மருத்துவமனையில் எந்த ஆபரேஷனுக்குச் செல்லும் என்பதை அட்மிட் ஆகுமுன் அங்கே உள்ள காப்பீட்டுக் கவுண்டரில் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. சென்னை பொது மருத்துவமனையில் 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கிய நியூரோ சர்ஜரி துறை, இந்தியாவிலேயே பழைய துறைகளில் ஒன்று.

எக்ஸ்ரேல டிபின்னு சொல்றாங்க. அப்பவும் ஆபரேஷனா?

முதுகெலும்பு டிபி நம் நாட்டில் நிறைய. இதற்கு மருந்துதான் முதல் வைத்தியம், குறைந்தது ஒரு வருஷம், விடாமல். அரசு மையங்களில் இலவசம். கை கால் பலம் குறைந்துகொண்டே போனால், சீழ் தண்டுவடத்தை அழுத்தினால், எலும்பு நொறுங்கிக் கூன் விழுந்தால்தான் ஆபரேஷன். ஆபரேஷன் முடிந்ததும் மருந்தை நிறுத்திவிடுபவர்களுக்கு நோய் திரும்பலாம்.

புற்றுநோய் பரவி அழுத்தினால் கணக்கே வேறு, மணி நேரம் முக்கியம். 2005-ல் வந்த ஓர் ஆய்வில் ஆபரேஷனும் ரேடியேஷனும் சேர்த்துப் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள், ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் கேன்சர் நோயாளிக்குப் புதிதாக முதுகு வலியும் கால் தளர்ச்சியும் வந்தால் “கேன்சர்னா அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்தப்புறம் எப்படிப் பார்த்துக்கணும்?

எழுந்திருக்கும்போது நேராக எழக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே சமயத்தில் திரும்பும்படி ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டே கையை ஊன்றி எழ வேண்டும். தலையணை மெல்லியதாக இருக்கட்டும். காலர் எத்தனை நாள் என்பது ஆபரேஷனைப் பொறுத்தது, சர்ஜன் சொன்ன நாளுக்குமேல் பயத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் தசை சோம்பிவிடும். குடம், சிலிண்டர் தூக்கக் கூடாது, பைக்கில் பின்னால்கூட உட்கார வேண்டாம், டாக்டர் அனுமதிக்கும் வரை. கால்மிதியைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். ராத்திரி பாத்ரூம் வழியில் விளக்கு எரியட்டும், ஏனென்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கண்ணால்தான் தரையைப் பார்த்து நடக்கிறார்கள், இருட்டில் அதுவும் போய்விடும்.

சூடு விஷயத்தில் கவனம் தேவை. மரத்த விரலால் சுடச்சுட காபி டம்ளரை எடுத்து, தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது என்பவர்கள் உண்டு. ஒத்தடப் பையும் வெந்நீரும் வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகுதான். விரலுக்குப் பயிற்சி என்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம், துவரம்பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது, பழைய சட்டையில் பொத்தான் போட்டுக் கழற்றுவது, சில்லறை எண்ணுவது போதும், தினமும் செய்தால்.

நீண்ட பயிற்சி வேண்டியவர்கள் மறுவாழ்வு மையத்தில் தங்கிப் பழகலாம். வேலூர் சி.எம்.சி.யில் 1966-ல் அப்படி ஒரு மையத்தைத் தொடங்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர்.

உள்ள பிளேட், ஸ்க்ரூ இருக்கே. இனிமே எம்ஆர்ஐ எடுக்கலாமா?

எடுக்கலாம், இப்போது போடுவது பெரும்பாலும் டைட்டானியம். ஸ்கேன் செய்பவரிடம் முன்னாலேயே சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள்.

ரெண்டு வருஷம் நல்லா இருந்தேன். இப்ப மறுபடியும் தடுமாறுது. திரும்பவும் வந்துடுச்சா?

வர வாய்ப்பு உண்டு. பிளேட் போட்ட எலும்புகள் ஒன்றாக ஒட்டிவிடுவதால் அதற்கு மேலும் கீழும் உள்ள டிஸ்குகளுக்குப் பாரம் கூடும், ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் பேருக்கு அங்கே புதிதாகத் தொந்தரவு வருவதாகக் கணக்கு. கதவு மாதிரித் திறந்த எலும்பு சிலருக்கு மறுபடி மூடிக்கொள்ளும். ஆனால் உடனே அதுதான் என்று முடிவுக்கு வராதீர்கள். பி12 குறைவு, சர்க்கரை, இடுப்பில் நரம்புகள் நசுங்குவது எல்லாம் இதே மாதிரி காட்டும், முன்பு சொன்ன பரிசோதனைகளை முதலில் முடியுங்கள். பழைய எம்ஆர்ஐ ஃபிலிமைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் சர்ஜனுக்குப் பாதி வேலை மிச்சம்.

கேட்கவே கூச்சமா இருக்கு. சிறுநீரும் தாம்பத்தியமும் சரியாகுமா?

கூச்சப்படாமல் கேளுங்கள், டாக்டருக்கு இது தினசரிக் கேள்வி. அவசரமாக வந்து அடக்க முடியாத தொல்லை பலருக்கு ஆபரேஷனுக்குப்பின் குறையும், ஆனால் கை கால் தேறும் வேகத்தில் அது தேறாது. ஆண்களுக்கு புராஸ்டேட்டும் காரணமாக இருக்கலாம், ஒரு ஸ்கேனில் தெரிந்துவிடும். சிறுநீர் முழுசாக வெளியேறாதவர்கள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைத் தானே போட்டு எடுக்கப் பழகிக்கொண்டால் சிறுநீரகம் கெடாது, நர்ஸ் சொல்லித்தருவார். விறைப்புக் குறைவுக்கு மாத்திரை உண்டு, ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தொடவே கூடாது. கழுத்துக்குப் பாரம் வராமல் பார்த்துக்கொண்டால், காயம் ஆறி டாக்டர் சரி என்ற பிறகு தாம்பத்தியத்துக்குத் தடை எதுவும் இல்லை. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள், கேட்க வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு.